காற்றடிக்கும் கணக்கு

சென்ற வாரம் என் மாணாக்கன் ஒருவன் முழங்கையில் கட்டுடன் வகுப்புக்கு வந்தான். பதினோராம் வகுப்பில் சர்க்கார் இனாமாகக் கொடுக்கும் ஸைக்கிளில், இராசிபுரம் தார் ரஸ்தாவை விட்டுத் தன் ஊர்ச் சரளைப் பாதையில் இறங்கியிருக்கிறான். முன் சக்கரம் சறுக்கிவிட்டது. டயரை அமுக்கிப் பார்த்தேன். கருங்கல் தோற்றது!

"கல்லு மாதிரி இருந்தாத்தான் ஸார் வேகமாப் போகும்" என்றான். காற்றடித்த கடைக்காரர் அருளிய சாஸ்திரமாம்.

அந்தச் சாஸ்திரம் பாதி உண்மை. வழவழப்பான தார் ரஸ்தாவில் இறுகிய டயர் குறைவாக நசுங்குவதால் சுலபமாக உருளும். சேலத்திலிருந்து நாமக்கல் வரை பெருஞ்சாலையிலேயே போகிறவர்கள் அதை நம்பலாம். ஆனால் நம் பக்கத்தில் பிரயாணம் சாலையோடு முடிகிறதா? அப்பால் சரளை, அதற்கும் அப்பால் வண்டித் தடம். அங்கே இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. மிதித்த பலம் முன்னே செல்லாமல் இடுப்புக்குப் போய்ச் சேருகிறது! மிருதுவான டயரோ கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு தாண்டிவிடும். பெல்பாஸ்டு நகரத்து மிருக வைத்தியர் டன்லப் 1888-இல் பதிவு செய்த காற்று டயரே, அவர் மகனுடைய மூன்று சக்கர வண்டியின் குலுக்கலைத் தணிக்கப் பிறந்ததுதான்.

கரும்பலகையில் கணக்குப் போட்டேன். பின் சக்கரத்தின் மேல் 120 ராத்தல் சுமை. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 60 ராத்தல் அழுத்தமிருந்தால், ஏறக்குறைய 2 சதுர அங்குலம் தரையில் படும். 40 ராத்தலானால் 3 சதுர அங்குலம். சரளையில் பிடிப்புக் கொடுப்பது அந்த மூன்றாவது அங்குலந்தான்.

அதற்காகக் காற்றை இறக்கிக்கொண்டே போகலாகாது. மெல்லிய டயரானால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் அகப்பட்டு, பாம்பு கடித்தாற்போல் இரட்டை ஓட்டை விழும். ஆகையால் அகலம் வேண்டும். நம் பாட்டனார்கள் மூட்டை ஏற்றிய கறுப்பு ஸைக்கிளின் 1½ அங்குல டயர் இந்தப் பாதைகளுக்கு மிகவும் ஏற்றது. 23 மில்லிமீட்டரில் பறந்த ஐரோப்பியப் பந்தயக்காரர்களே இன்று பெரும்பாலும் 28-க்கு வந்துவிட்டார்கள். 65 கிலோ ஆளுக்கு அந்த 1½ அங்குல டயரில் பின்னே 45, முன்னே 35 ராத்தல் போதுமானது. ஒல்லிப் பையன்களுக்கு இன்னும் சற்றுக் குறைக்கலாம். பின்னால் ஆள் ஏறினால் கூட்ட வேண்டும். நெருஞ்சி முள்ளுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

பையனுடைய முன் டயரில் கொஞ்சம் காற்றை விட்டேன். மறுநாள், "வண்டி குலுங்கவே இல்லை ஸார், ஆனா மெதுவாப் போகுது" என்றான்.

"கடியாரம் பார்த்தாயா, தம்பி?"

பார்க்கவில்லையாம். இன்று பார்த்துக்கொண்டு போயிருக்கிறான்.