ஊர் காக்கும் கழனிக்கு ஈடு எங்கே?

வெள்ளம் இருவகைப்படும். வானம் தருவது ஒன்று. மதகு தருவது மற்றொன்று. முன்னதற்கு எவரையும் பொறுப்பாக்க இயலாது. பின்னதற்குப் பொறுப்பாளர் உண்டு. அவர் மதகைத் திறக்கும் அரசே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, இரண்டுக்கும் ஒரே சிறுதொகையை நீட்டிவிட்டு அகலும் வழக்கம் இனியும் தொடரலாகாது.

2015 திசம்பர் முதல்நாள் செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டதையும், சென்னையும் புறநகரும் மூழ்கியதையும் தமிழகம் மறந்திராது. அதன்பின் வரதராசபுரம், முடிச்சூர்ப் பகுதிகளைக் காக்கும்பொருட்டு, அடையாற்றின் கிளைக்காலில் வரும் பெருக்கை மேலேயே தடுத்து நிறுத்த அரசு முனைந்தது. அதற்கெனக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டும் பணி தொடங்கிற்று. நோக்கம் நன்றே. ஆயின் நீர் விரியும் இடம் வெற்றிடம் அன்று. உழவரின் பட்டா நிலமும் அதனுள் அடங்கும். அந்நிலத்தைப் பெறுவதில் நேர்ந்த காலத்தாழ்வால் கரைப்பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. உழவனுக்குரிய ஈடு முடியாதவரை நகரின் காப்பும் முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எடுக்கப்படும் நிலத்துக்கேனும் 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் உண்டு. சந்தை விலையோடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தருக என்கிறது அது. நிலம் உழவன் பெயரிலேயே இருக்க, அயலூரைக் காப்பதற்காக வெள்ளத்தை மட்டும் அதன்மேல் ஏற்றினால் என் செய்வது? அப்போது அவன் கைக்கு வருவது 'நிவாரணம்' என்று வடசொல்லால் வழங்கும் துயர்துடைப்புத் தொகை மட்டுமே. 2022 முதல் 2026 வரைக்கென நடுவணரசு வகுத்த நெறிப்படி, பாசன வயலுக்கு எக்டேருக்கு 17,000 உருபா. ஏக்கருக்கு ஏழாயிரமும் தேறாது. அதுவும் பயிரில் 33 விழுக்காடேனும் அழிந்திருக்க வேண்டும். இரண்டு எக்டேருக்கு மேல் கணக்கில் வாராது. இவை இயற்கைப் பேரிடருக்கென வகுத்த அளவுகள். ஆள்வோர் தெரிந்தே ஏற்றிய நீருக்கு இவை எங்ஙனம் பொருந்தும்?

காஞ்சி நெசவாளன் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வான். மழைநாளில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நிற்கும். அது வானத்தின் செயல் என்று பொறுப்பான். அண்டைவீட்டான் தன் முற்றத்து நீரை அக்குழியில் திருப்பிவிட்டு, இரக்கப்பட்டு நாலு காசு நீட்டினால் வாங்கிக்கொள்வானா? இரக்கம் வேறு, கடன் வேறு.

நெதர்லாந்து நாட்டில் 'ஆற்றுக்கு இடம்' என்றொரு திட்டம் நடந்தது. ஓவர்தீப்சே என்னும் தாழ்நிலத்தில் கரையைத் தாழ்த்தி, ஏறத்தாழ 25 ஆண்டுக்கொருமுறை ஆறு உள்ளே புகுமாறு செய்தனர். அங்கே உழவர்களே முன்வந்து திட்டம் வகுத்தனர். சிலர் ஈடு பெற்று வேற்றிடம் சென்றனர். எஞ்சியோருக்கு உயர்ந்த மேடுகள் எழுப்பி, அவற்றின்மேல் வீடும் தொழுவமும் அமைத்தனர். 2015இல் பணி நிறைவுற்றது. வெள்ளம் வருமுன்னரே அங்கு ஈடு பேசி முடிக்கப்பட்டது.

உழவரைக் கலந்து நீர் ஆள்வது நமக்குப் புதிதன்று. கி.பி. 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைக் குறிக்கின்றது. ஏரிக்குப் பொறுப்பானவர் ஊரறிய அமர்ந்தனர், ஊருக்கு விடையிறுத்தனர்.

எனவே நாம் கேட்பன நான்கு. மழைக்காலத்துக்கு முன்பே, எந்தப் புல எண்களில் வெள்ளம் தேக்கப்படும் என்பதை ஊர்தோறும் அறிவித்திடுக. அவ்வாறு குறிக்கப்பட்ட நிலத்தின் விலையும் கடன்பெறும் தகுதியும் அன்றே குறைதலின், வெள்ளம் வாராத ஆண்டிலும் ஓர் ஆண்டுத்தொகை தருக. நீர் ஏறிய ஆண்டில், எக்டேர் எல்லையின்றி முழு விளைவின் மதிப்பையும் வழங்குக. கோயில் நிலங்கள் மிகுந்த காஞ்சி வட்டாரத்தில் பட்டா இல்லாக் குத்தகை உழவர் பலராதலின், உழுபவனுக்கே அத்தொகை சேர வழி செய்க.

பணத்துக்கு எங்கே போவது என்பார்க்கு விடை எளிது. காக்கப்படும் மனைகளும் தொழிற்சாலைகளும் ஆட்சிக்கு வரி செலுத்துவனவே. காப்பின் செலவில் உழவனுக்குரிய பங்கும் அவ்வரியினின்றே வரட்டும். தன் கழனியை ஊருக்கு அணையாகத் தருபவன் இரவலன் அல்லன். அவனுக்கு நாடு கடன்பட்டிருக்கின்றது. அக்கடனை அடுத்த பருவமழைக்கு முன் சட்டமாக்குக!