கிளினிக் போற நாளுக்கும் பேர் போடணும்

நான் ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளை. ஓ.எல். முடிஞ்சதோட சயன்ஸுக்குக் கும்பிடு போட்டாச்சு. அப்படிப்பட்டவ ஒரு ஜீனைப் பற்றி எழுதுறது சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா நம்ம மலையில கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க உடம்புக்குள்ள இந்த ஜீனுக்கு ஒரு வேலை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு சும்மா இருக்க முடியல.

ஜீனோட பேர் யூ.பி.ஈ.3ஏ. 15ஆவது குரோமோசோமில் இருக்கு. கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க. முத்தல் இலையைப் பார்த்துப் பார்த்து ஒதுக்குவாங்க இல்லையா? நம்ம கலங்களுக்குள்ளயும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. வேலை முடிஞ்ச, பழுதான புரதங்கள் மேல யுபிகுவிட்டின் என்ற குட்டிப் புரதத்தை ஒட்டிவிட்டா, அது ‘கழிக்கலாம்’ என்ற அடையாளம். அடையாளம் விழுந்ததைக் கலம் துண்டு துண்டா நறுக்கிடும். இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஆரோன் சிச்சானோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூணு பேருக்கும் 2004இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைச்சது. எந்தப் புரதத்துக்கு அடையாளம் போடுறதுன்னு ஆள் பிடிச்சுக் கொடுக்கிறவங்களில் ஒருத்தர்தான் யூ.பி.ஈ.3ஏ உண்டாக்கும் புரதம்.

இது கெட்ட ஜீன் இல்ல. அம்மாகிட்ட இருந்து வர்ற இதோட பிரதி வேலை செய்யாட்டி பிள்ளைக்கு ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் என்ற மூளை வளர்ச்சிக் குறைபாடு வரும். அவ்வளவு தேவையானது.

பிரச்சினை எச்.பி.வி வைரஸ் உள்ள வரும்போது. அதில் 16, 18 என்ற இரண்டு வகையும் சேர்ந்துதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கிட்டத்தட்ட 70 வீதத்துக்குக் காரணம். வைரஸோட ஈ6 என்ற புரதம் நம்ம ஆளையே வளைச்சுப் போட்டு, பி53 மேல அடையாளத்தை ஒட்ட வைக்குது. பி53 யாரு? கலம் பழுதானா ‘நில்லு, பிரியாதே’ன்னு தடுக்கிற காவல்காரன். முத்தலை ஒதுக்க வேண்டிய கை நல்ல கொழுந்தை வீசுற மாதிரி, உடம்பே தன் காவலைக் கழிச்சுக் கொட்டுது.

ஆனா இது ஒரே நாளில் நடக்கிறதில்ல. எச்.பி.வி வந்த பெரும்பாலானவங்களுக்கு ஒண்டு ரெண்டு வருஷத்துல தானா போயிடும். தங்கிப்போற சிலருக்கும் புற்றுநோயா மாற பொதுவா 15, 20 வருஷம் எடுக்கும். அந்த இடைவெளியில் ஒரு தடவை பார்த்தாலே பிடிக்கலாம். இதுக்குத்தான் 35 வயசுல வெல் வுமன் கிளினிக் வரச் சொல்றாங்க. 1996லிருந்து இலங்கையில் இருக்கு, இலவசம்தான்.

இலவசம்னு சொல்றோம். மஸ்டருக்குப் போகாட்டி அன்றைக்குப் பேர் இல்ல. சொன்ன கிலோ எடுக்காட்டி அரைப்பேர். கிளினிக் போற பொம்பளை ஒரு நாள் சம்பளத்தைக் கட்டிட்டுத்தான் அந்த இலவசத்தை வாங்குறா. வலியில்லாத ஒன்றுக்கு யார் அப்படிக் கட்டுவாங்க? வெள்ளைப்படுறதை ‘உடம்பு சூடு’ன்னு சொல்லி வெந்தயத்தோட முடிக்கிறோம். மாதவிடாய் நின்ன பிறகு இரத்தம் பட்டாலும் வெளிய சொல்றதில்ல. பிறகு மஹரகம பஸ்.

‘தோட்டத்து ஆளுங்களுக்கு விளக்கம் பத்தாது’ன்னு படிச்சவங்க சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 1980களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவங்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில்தான் அந்த ஆபரேஷன் வீதம் அதிகம். அதைப் பார்த்த ஒரு அம்மம்மா, பேத்திக்கு ஸ்கூலில் போடுற ஊசியைப் பார்த்து ‘இதால பிள்ளை பிறக்காமப் போகுமா’ன்னு கேட்டா அது அறியாமை இல்ல, அனுபவம். ‘இல்ல அம்மம்மா, இது புற்றுநோயைத் தடுக்கிற ஊசி’ன்னு தமிழில், உட்கார்ந்து சொல்ல ஆள் வேணும். ஊசி நல்ல ஊசி. 2017லிருந்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை போடுறாங்க. தங்கச்சி வீட்டில் இருந்தா கட்டாயம் போடச் சொல்லுங்க.

நான் அப்போ ஒன்பதாம் ஆண்டு. எனக்குக் கிடைக்கல, என் அம்மா வயசுக்காரங்களுக்கும் கிடைக்கல. எங்களுக்கு மிச்சம் பரிசோதனை மட்டும்தான். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கிற எச்.பி.வி பரிசோதனையும் சேர்ந்திருக்கு. ஆண் டொக்டர் முன்னால படுக்க வெட்கப்படுறவங்களுக்கு இது பெரிய விஷயம். லயத்துக் காம்பராவில் சாத்திக்க ஒரு கதவு வேணும், அது வேற கதை.

அது எல்லா இடத்துக்கும் வர்ற வரைக்கும், சங்கத்து ஆட்கள் அடுத்த தடவை சம்பளம் பேச உட்காரும்போது இதையும் எழுதச் சொல்லுங்க: கிளினிக் சீட்டைக் காட்டினா அன்றைக்கு முழுப்பேர். கம்பனிக்குப் பெரிய செலவில்ல. 35 வயசுக்காரி ஒருத்திக்கு, ஒரு நாள்.