பனிக்காலச் சந்தையும் பத்தில் ஒரு பங்கும்

மாரி ஓய்ந்து தைப்பனி இறங்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துச் சந்தைகள் அழகானவைதாம். சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் திருநெல்வேலியிலும் கத்தரியும் கோவாவும் பீற்றூட்டும் பூசணியும் குவியல் குவியலாகக் கிடக்கும். இக்காட்சியில் மனம் பறிகொடுத்து, கிராமத்தின் வளம், மண்ணின் மணம், உழவனின் பூரிப்பு என எழுதிக் குவிக்கும் எழுத்தாளர் நம்மிடையே நிறைய உள்ளனர். ஆனால் அக்குவியல்களின் நடுவே நிற்கும் தராசு மட்டும் அவர்கள் கண்ணிற் படுவதில்லை.

தராசு என்ன சொல்கிறது? தோட்டக்காரன் 100 கிலோ மரக்கறி இறக்கினால் 10 கிலோவைக் ‘கழிவு’ எனத் தள்ளி, மீதி 90 கிலோவுக்கே விலை போடும் வழக்கம் குடாநாட்டுச் சந்தைகளில் நெடுங்காலமாக வேரூன்றி வந்துள்ளது. அதை ஒழிக்குமாறு தோட்டக்காரர் மீண்டும் மீண்டும் முறையிட்டுள்ளனர். கணக்கு எளியது. பத்துப் பரப்பிற் பயிரிட்டவன் ஒரு பரப்பைத் தராசுக்கென்றே பயிரிடுகிறான். அந்த ஒரு பரப்புக்கும் விதை வாங்கியவன் அவன். கிணற்று நீரை இறைத்தவன் அவன். உரத்துக்குக் கடன்பட்டவனும் அவனே.

இதற்கு நியாயம் கற்பிப்போரும் உளர். மாரிகாலத்து மரக்கறியில் ஈரமும் மண்ணும் ஒட்டியிருக்கும், அழுகலும் கலந்திருக்கும். வியாபாரி நட்டப்படலாமா என்பது அவர்கள் வாதம். அழுகலை ஒதுக்கிவிட்டு நல்லதை நிறுக்கட்டும், யார் தடுத்தார்? ஈரமும் அழுகலும் காய்க்குக் காய் வேறுபடும், காலத்துக்குக் காலம் வேறுபடும். கழிவு மட்டும் மாறாத பத்தாக நிற்பதேன்? மாறாத வீதம் நட்டத்தின் கணக்கன்று, பலத்தின் கணக்கு.

விருப்பமில்லையேல் வேறிடத்தில் விற்கலாமே என்பது அடுத்த வாதம். தையிலும் மாசியிலும் எல்லாத் தோட்டங்களும் ஒருசேர விளைகின்றன; விலை சரிகிறது. பறித்த காய் மாலைக்குள் வாடும். வாடும் பொருளை வைத்திருப்பவனுக்கும் காத்திருக்க வல்லவனுக்கும் இடையே நடப்பதைச் சுதந்திரமான பேரம் என்பது கேலிப்பேச்சு அன்றோ?

1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக் கமக்காரனிடம் நிலச்சொந்தக்காரன் எடுக்கும் பங்குக்கு எல்லை வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. சட்டத்திற் பல ஓட்டைகள் இருந்தன. நடைமுறையில் அது முடமாக்கப்பட்டது. எனினும் விளைச்சலிற் கைவைப்பவன் கணக்குக் காட்டியாக வேண்டும் என்ற கொள்கை அன்று ஏற்கப்பட்டது. நிலத்துக்கு உரியவனிடம் கேட்ட கேள்வியைத் தராசுக்கு உரியவனிடம் ஏன் கேட்கலாகாது?

இது நமக்குப் புறம்பான விடயம் என ஆசிரியரும் மாணவரும் ஒதுங்க முடியாது. நம்மிற் பலரது கல்விக்குச் செலவழிந்தது தோட்டத்து வெங்காயமும் புகையிலையும் ஈட்டிய பணம். அத்தகைய நாமே ஒரு பிடி கீரைக்குப் பத்து ரூபா குறைக்கச் சொல்லி விற்பவளோடு வாதாடுகிறோம். பத்திலொன்றை வாய் திறவாமல் எடுப்பவனுக்கு வணக்கம் சொல்லிப் போகிறோம்.

செய்யவேண்டியது அரிய காரியமன்று. சந்தை பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளது. அதாவது மக்களின் சொத்து. அங்கே சபையின் தராசு நிற்கட்டும். நிறுத்த முழு எடைக்கும் சிட்டை கொடுக்கப்படட்டும். கழிவு எடுப்பவருக்குக் கடை இல்லை என்பது குத்தகை நிபந்தனையாகட்டும். மலையாளத்துக்குப் புகையிலை அனுப்பிய காலத்திற் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்த தோட்டக்காரரின் பிள்ளைகளுக்கு, மரக்கறிக்கு ஒரு சங்கம் அமைப்பது இயலாததா?

உழவனைப் போற்றிப் பாடியது போதும். அவன் கொண்டுவந்த நூறு கிலோவை நூறு கிலோ என்றே எழுதும் ஒரு சிட்டை, ஆயிரம் பொங்கற் கவிதைகளிலும் மேலானது.