வெயிலுக்கு வாடகை கிடையாது

‘கூழாங்கல்’ படத்தைப் பற்றி நம் வயதுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. காலை நடையில் ஒருவர், “அதுல என்ன சார் இருக்கு? அப்பனும் மகனும் வெயில்ல நடக்குறாங்க, அவ்வளவுதானே” என்றார். கூட வந்தவர், “லைட் வைக்கக்கூடக் காசில்லாம எடுத்திருக்காங்க, பாவம்” என்று இரக்கப்பட்டார். இருவருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த பி.எஸ். வினோத்ராஜ் அரிட்டாபட்டிப் பகுதியில் எடுத்த படம் அது. 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. எந்தத் தமிழ்ப் படமும் அதற்கு முன் அதை வாங்கியதில்லை. அதே ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. விருது வாங்கியதற்காகப் பாராட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. படத்தைப் பாருங்கள் என்கிறேன்.

குடிகார அப்பன், பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூப்பிட, பள்ளிக்கூடத்தில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். பஸ்ஸுக்கு இருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிட, இருவரும் பொட்டல் காட்டில் நடந்தே திரும்ப வேண்டியதாகிறது. அப்பனின் கோபமும் வெயிலும் சேர்ந்தே ஏறுகின்றன. அங்கே ஒரு விளக்கை வைத்து முகத்தை அழகாகக் காட்டியிருந்தால் படம் அன்றே செத்திருக்கும்.

விளக்கில்லாமல் எடுப்பது சுலபம் என்கிறீர்களே, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மதுரையில் சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில், பகல் 12.20 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் முகத்தைப் படமெடுத்தால் கண்குழி இரண்டும் கருத்துப்போகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். அதனால்தான் பலரும் காலை, மாலை வெயிலுக்குக் காத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மேலே துணி கட்டி, தெர்மாகோல் அட்டை பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புவார்கள்.

விளக்கு இருந்தால் பகலில் பாதி எடுத்த காட்சியை ராத்திரியில்கூட முடித்துவிடலாம். சூரியனை நம்பினவனுக்கு ஒரு மேகம் வந்தாலே வேலை நின்றுபோகும். காலை பத்து மணி நிழலும் பகல் ஒரு மணி நிழலும் ஒன்றோடொன்று ஒட்டாது. விட்ட இடத்தில் தொடர வேண்டுமானால் மறுநாள் அதே மணிக்கு அதே பாறை முன்னால் வந்து நிற்க வேண்டும். வாடகை மிச்சந்தான், ஆனால் உழைப்பு இரட்டிப்பு. இதைப் போய் ஏழ்மை என்பதா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். லூமியேர் என்றால் அந்த மொழியில் வெளிச்சம். அதையே குடும்பப் பெயராகக் கொண்ட சகோதரர்கள் 1895இல் லியோன் நகரில் தங்கள் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதைப் பகல் வெளிச்சத்தில்தான் எடுத்தார்கள். சினிமா பிறந்ததே வெயிலில். நம்மிடமும் கிடைக்கிற வெளிச்சத்தில் எடுப்பதையே தன் பாணியாக்கிக்கொண்ட பாலு மகேந்திரா இருந்தார். அவரைக் காசில்லாதவர் என்று யாரும் இரக்கப்படவில்லையே!

நாம் பார்த்து வளர்ந்த படங்களில் நள்ளிரவிலும் கதாநாயகியின் கன்னம் பளபளக்கும். கிராமத்தையே கோடம்பாக்கத்தில் செட் போட்டுவிடுவார்கள். 1977இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகுதான் நிஜமான வயலையும் வாய்க்காலையும் திரையில் பார்க்கப் பழகினோம். இப்போதோ மதுரை என்றால் படத்துக்கே மஞ்சள் பூசி, கையில் அரிவாளைக் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலின் நிறம் மஞ்சளா? மே மாதம் மேலூர் ரோட்டில் நின்று பாருங்கள். வெள்ளை! வானமே வெளுத்துக் கிடக்கும். அந்த வெள்ளையை மாற்றாமல் காட்டியதுதான் ‘கூழாங்கல்’.

“அதுல என்ன இருக்கு” என்ற பேச்சு சினிமாவோடு நிற்பதில்லை. அரிட்டாபட்டியில் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது, சமணர் படுக்கை இருக்கிறது, தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தார்கள். சரியாக இரண்டு வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது தெரியவந்தது. வெறும் கரடுதானே என்று யாரோ வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கரட்டில் என்ன இருக்கிறது என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். பார்க்கத் தெரியாத கண்ணுக்கு மலையும் காலி மனைதான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறான். லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் வாடகை கொடுக்க அம்மாவின் வளையலை அடகு வைக்கப் பார்த்தான். வேண்டாம் தம்பி என்றேன். முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றில் ஒரு வாரம் உட்கார், எந்த மணிக்கு எந்தத் தூணில் வெளிச்சம் விழுகிறது என்று நோட்டில் குறி, பிறகு கதையை எழுது என்றேன். குறிக்க ஆரம்பித்திருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பேரன் பேத்தியும் கேமராவோடு வந்து நிற்கலாம். பணம் கொடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை, திண்ணையைக் கொடுங்கள். “இதுல என்ன இருக்கு” என்று மட்டும் கேட்காதீர்கள்.