அணங்கும் நாயகியும்: மீவியற்கைப் பெண்நாயகிப் படக்கதைகள் பற்றிய எதிர்வினைகளுக்கு ஒரு மறுப்புரை

முன்னுரை

நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் மறுத்தலும் ஒன்றாகும். மறுக்கத்தக்க கருத்து பலரால் பலகாலும் கூறப்பட்டு உண்மைபோல் நிலைபெறும்போது மறுப்பு கடமையாகிறது. மக்கள் அஞ்சிவந்த அணங்கோ பேயோ மக்களைக் காக்கும் நாயகியாகப் படக்கதையில் உருமாறும்போது எழும் எதிர்வினைகள் அத்தகையன.

2006ஆம் ஆண்டில் சேகர் கபூரின் கருத்தாக்கத்தில் வெர்ஜின் காமிக்ஸ் நிறுவனம் 'தேவி' என்னும் படக்கதைத் தொடரை ஆங்கிலத்தில் வெளியிட்டது. 2014இல் ராம் தேவினேனி, டான் கோல்ட்மேன் ஆகியோரின் 'பிரியாவின் சக்தி' வெளிவந்தது. டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' என்னும் மலையாளத் திரைப்படம் 2025 ஆகஸ்டு 28 அன்று வெளியாகி, கள்ளியங்காட்டு நீலியையே மீவியற்கை ஆற்றலுடைய நாயகியாக நிறுத்தியது. இவற்றையொட்டித் தமிழ் கற்றோரிடையே எழுந்த மறுதலிப்புகளை நான்காகத் தொகுக்கலாம். பேய் நாயகியாதல் தமிழ் மரபன்று என்பது ஒன்று. படக்கதை சிறுவர்க்குரியது, ஆய்வுக்குரியதன்று என்பது மற்றொன்று. நம் நீலியைப் பிறர் கவர்ந்தனர் என்பது மூன்றாவது. நாயகியாக்கம் முழுவதும் மேனாட்டு இறக்குமதி என்பது நான்காவது. இந்நான்கனுள் முன்னைய மூன்றும் பிழை. நான்காவது பாதி உண்மை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேய் நாயகியாதல் மரபன்று என்னும் கூற்று

இக்கூற்றைத் திருவாலங்காடு என்னும் ஓர் ஊரே மறுத்துவிடும். கணவனால் கொலையுண்டு பேயாகி, அவனைத் தொடர்ந்து வந்து பழிதீர்த்த பழையனூர் நீலியின் கதை அவ்வூரைச் சார்ந்தது. சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இக்கதையைச் சுட்டுகிறது. நீலியின் சொல்லை நம்பி அவள் கணவனுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. அதே திருவாலங்காட்டில், இறைவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கப்படுகிறார். அஞ்சத்தக்க பேயும் தொழத்தக்க பேயும் ஓரூரில் உறையக் கண்ட மரபு, படக்கதையில் பேய் நாயகியாவதைக் கண்டு திகைக்க வேண்டுவதில்லை.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி இன்னும் வலுவான சான்று. முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி, அவரிடம் அறங்கேட்டு மனந்திருந்துகிறாள். பின்னர்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் முதலிய பல்சமயத்தாரோடு வாதிட்டு வெல்கிறாள். ஊரறிந்த பேய்க்கதையை எடுத்துக்கொண்டு, பேயின் பெயரையும் முன்வரலாற்றையும் காத்து, அவளது ஆற்றலின் திசையை மட்டும் மாற்றி, அவளைத் தன் சமயத்தின் தலைவியாக்கினார் அந்நூலாசிரியர். இன்றைய படக்கதை ஆசிரியர் செய்வதும் இதுவே. 1936இல் அ. சக்கரவர்த்தி இந்நூலைச் சமயதிவாகர உரையுடன் பதிப்பித்தபோது, பேயைத் தலைவியாக்கிய நூல் எனக் கூறி எவரும் அதனைக் காப்பிய வரிசையினின்று நீக்கவில்லை. சமண ஆசிரியர்க்கு வழங்கிய உரிமையைப் படக்கதை ஆசிரியர்க்கு மறுப்பதற்குக் காரணம் கூறப்படவேண்டும். இதுவரை கூறப்படவில்லை.

குன்றக்குறவரின் எதிர்வினை

வாசகர் எதிர்வினை என்பது இக்காலத்துக் கருத்தாக்கம் எனக் கருதுவோர் சிலப்பதிகாரத்தை மீண்டும் நோக்குதல் தகும். வேங்கை நிழலில் ஒருமுலை இழந்து நின்ற பெண்ணைக் குன்றக்குறவர் கண்டனர். அவள் கணவனோடு வானேகிய வியப்பையும் கண்டனர். இவள் பேயோ, தெய்வமோ, இத்தகையவளைப் போற்றுதல் மரபோ என அவர்கள் வழக்காடவில்லை; தம் குலத்துக்குரிய தெய்வமாகக் கொண்டு குரவையாடினர். அவர்கள் கூறிய செய்தியே இளங்கோவை எட்டுகிறது, செங்குட்டுவனையும் எட்டுகிறது. காட்சிக் காதையில் அரசன் வினவ, சேரமாதேவியே இப்பத்தினியைப் போற்றவேண்டுமென விடை கூறுகிறாள். ஆகவே மலைவாழ் மக்களின் எதிர்வினையும் ஒரு பெண்ணின் தீர்ப்பும் இல்லையேல் வஞ்சிக்காண்டம் இல்லை. தமிழின் தலையாய காப்பியம் கதை கேட்டோரின் எதிர்வினையைத் தன் கட்டுமானத்தின் உறுப்பாகவே கொண்டுள்ளது.

அக்குன்றம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் குமுளிக்கு அருகில், கேரள - தமிழக எல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில் இரு மொழியினரும் கூடுகின்றனர் என்பது கண்கூடு. இக்கோயிலை ஒட்டிய இடுக்கி மாவட்டமே அடுத்துவரும் இரு கூற்றுகளையும் சோதித்தற்கேற்ற களமாகும்.

சிறுவர்க்குரியது என்னும் கூற்று

இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், உடும்பன்சோலை வட்டத்தில் அமைந்தது சாந்தன்பாறை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் தலைமுறைகளாக வாழ்கின்றன. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை இவ்வூரை அடுத்துள்ளது. உட்புகுந்தோர் மதிமயங்கி வழிதவறுவர் என்னும் நம்பிக்கை அப்பெயரிலேயே உறைந்துள்ளது. மீவியற்கை என்பது இங்கு நூலிலிருந்து கற்கும் செய்தியன்று. நிலத்தின் பெயரோடு வருவது.

இத்தகைய ஊரில் 'மாயாவி' என்னும் சொல் யாரைக் குறிக்கும் என்பது எண்ணத்தக்கது. 1972இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, மின்சாரம் தாக்கியதும் மறையும் மனிதன். ராணி காமிக்ஸின் மாயாவி, முகமூடி அணிந்த வனக்காவலன். மலையாளத்துப் 'பாலரமா' இதழின் மாயாவியோ குழந்தைகளுக்கு உதவும் ஒரு குட்டிச்சாத்தான். அவனைப் பிடிக்க டாகினி என்னும் சூனியக்காரி ஓயாது முயல்கிறாள். தமிழையும் மலையாளத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் எல்லைப்புறச் சிறுவர்க்கு ஒரு சொல்லுக்குள் மூன்று உருவங்கள் கிடைக்கின்றன. இங்கிலாந்துக் கதை, அமெரிக்கக் கதை, கேரளத்து நாட்டார் நம்பிக்கை ஆகிய மூன்றும் கலந்த இச்சொற்பொருள் வளர்ச்சி, எந்தத் தமிழ்த்துறையின் சொற்பொருளியல் ஆய்வுக்கும் தகுதியுடையதே.

படக்கதையை அரசுகள் ஒருபோதும் எளிதாகக் கருதியதில்லை. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட படக்கதை நெறிமுறை, இரத்தம் குடிக்கும் பேய்களையும் நடைபிணங்களையும் தடைசெய்தது; 1971இல் அத்தடை தளர்ந்தது. இந்தியாவிலும் இளையோர்க்குத் தீங்கு விளைக்கும் வெளியீடுகள் பற்றிய சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. சட்டம் அஞ்சிய ஒன்றை ஆய்வு புறக்கணிப்பது முரண். பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களும் ஒருகாலத்தில் சந்தைச் சரக்காகவே இகழப்பட்டன. நா. வானமாமலை கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அவற்றை வெளியிட்ட பின்னரே நாட்டார் வழக்காறு பாடத்திட்டத்தில் நிலைபெற்றது. அன்று முத்துப்பட்டன் கதைக்குக் கூறப்பட்ட தடையே இன்று படக்கதைக்கும் கூறப்படுகிறது.

பிறர் கவர்ந்தனர் என்னும் கூற்று

'லோகா' வெளிவந்தபின் உரத்து ஒலித்த கூற்று இது. நீலி தமிழச்சி; மலையாளிகள் அவளைத் தமதாக்கிக்கொண்டனர் என்பது இதன் சாரம். கள்ளியங்காடு நாஞ்சில் நாட்டைச் சார்ந்தது. அந்நிலப்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்தது. அங்கு நீலி கதை தமிழ் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டது. இசக்கியம்மன் வழிபாட்டோடு இணைந்தது. மலையாளத்தில் யட்சிக் கதையாகவும் வழங்கிற்று. மாநில எல்லை வரையப்பட்ட நாளில், அக்கதை இரு மொழிகளிலும் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தது. அதே நாளில்தான் தமிழர் பெருவாரியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கோடு மக்களைப் பிரிக்கலாம். அவர்கள் கூறும் கதையைப் பிரித்தல் அதற்கு இயலாது.

உரிமை கோருவோரிடம் வினவத்தக்கது வேறொன்று. நீலியைத் தமிழ்ப் படக்கதை எத்தனை முறை நாயகியாக்கியது? 1984இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே ஒரு பெண்ணை முன்னிறுத்தியது; அவள் பிரித்தானியப் படைப்பான மாடஸ்டி பிளைசி. தமிழ் வாசகர் அவளைப் பல்லாண்டுகள் போற்றினர். பெண் நாயகியைத் தமிழ் வாசகர் ஏலார் என்பது ஆகவே பொய். ஆனால் தமிழின் முதன்மைப் படக்கதை இதழ்கள் பெரிதும் மொழிபெயர்ப்பையே நம்பி நின்றன. நீலியும் இசக்கியும் கோயிலில் இருந்தனர்; அச்சகத்துக்கு அழைக்கப்படவில்லை. பயன்படுத்தாத பொருளைப் பிறர் பயன்படுத்தியபின் திருட்டு என்று கூவுவது, தம் சோம்பலை மறைக்கும் வழியாகும்.

சாந்தன்பாறை போன்ற ஊர்களில் இவ்வழக்காடல் நேரடித் தீங்கும் விளைக்கும். தமிழ்வழிக் கல்வியைத் தக்கவைப்பதே போராட்டமாகிவிட்ட மலைப்பகுதிகளில், ஒரு கதையைப் பகையின் பொருளாக்கினால் இழப்பு அங்குள்ள சிறுவர்க்கே. இருமொழிக்கும் பொதுவான நீலியைத் தமிழில் நல்ல படக்கதையாக அவர்தம் கையில் தருவதே தமிழுக்குச் செய்யும் பணி.

இறக்குமதி என்னும் கூற்று: பாதி உண்மை

நான்காவது கூற்றில் எண்ணத்தக்க கூறு ஒன்றுண்டு. பழையனூர் நீலிக்கும் கண்ணகிக்கும் மீவியற்கை ஆற்றல் தற்செயலாய் வாய்த்ததன்று. இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்து அது பிறக்கிறது. சிலப்பதிகாரத்துக் கட்டுரைக் காதையில் வரும் மற்றொரு நீலியும் இவ்வாறே. பொய்ப்பழியால் கணவன் சங்கமன் கொலையுண்ண, பதினான்கு நாள் அலைந்து, மலையேறி உயிர்விடுமுன் அவள் இட்ட சாபமே கோவலன் கொலைக்கு வித்தாகிறது. மூவரிடத்தும் ஒரே ஒழுங்கு காணப்படுகிறது: முதலில் அநீதி; பின்னர் முறையீடு; முறையீடு பயனின்றிப் போனபின் ஆற்றல். முறையிட்ட பெண்ணை அவைகள் கைவிட்ட இடத்தில்தான் அணங்கு தோன்றுகிறாள்.

இறக்குமதி செய்யப்பட்ட வார்ப்பில் இவ்வொழுங்கு கலைகிறது. முதலில் ஆற்றல், பின்னர் ஆடை, அதன்பின் எதிரி என வரிசை மாறுகிறது. பெயரில் மரபைக் கொண்ட 'தேவி' தொடரில் தெய்வம் தெரிந்த அளவுக்கு அவள் யாருடைய முறையீட்டுக்கு விடை என்பது தெரியவில்லை. உடையின் குறைவைக் கண்டித்த வாசகர், இவ்வழக்கின் வெறுமையைக் கண்டித்திருக்கவேண்டும். இதற்கு மாறானது 'பிரியாவின் சக்தி'. 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையின் பின்னணியில் பிறந்த அத்தொடரில், வன்கொடுமைக்கு ஆளாகிக் குடும்பத்தாலும் ஒதுக்கப்பட்ட பெண்ணே புலியேறி மீள்கிறாள். 2016இல் வெளிவந்த அடுத்த பகுதி அமிலவீச்சுக்கு ஆளானோரைப் பேசியது. 'லோகா'வில் கணவனின் கொலை இல்லை. அரச வன்முறைக்கு இரையான அடித்தள மக்களின் மகளாக நீலி காட்டப்படுகிறாள். கொடுமை மாறியுள்ளது, கொடுமையிலிருந்து ஆற்றல் பிறக்கும் ஒழுங்கு மாறவில்லை. இவ்வகையில் அது நீலகேசி ஆசிரியர் சென்ற வழியிலேயே செல்கிறது.

வாசகர் தம் நாயகியை இவ்வொழுங்கு கொண்டே அளக்கின்றனர் என்பதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. 2014இல் தனித்தொடர் பெற்ற கமலா கான் என்னும் முசுலிம் சிறுமி நாயகியின் உருவத்தை, 2015 சனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இடம்பெற்ற இசுலாமிய எதிர்ப்பு விளம்பரங்களின்மேல் சிலர் ஒட்டினர். ஏட்டிலிருந்த நாயகி தெருவின் வழக்குக்குச் சான்றாளியானாள். இடுக்கி மலைகளில் இதற்கான தேவை குறைந்ததன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றில் 'பெண்பிள்ளை ஒருமை' என்னும் பெயரில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், தொழிற்சங்கத் தலைமைகளையும் எதிர்த்துத் தெருவில் அமர்ந்து போனசு உரிமையை வலியுறுத்தினர். முறையீடு எங்கே என வினவும் படக்கதை ஆசிரியர்க்கு இம்மலைகள் விடை வைத்துள்ளன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு:

1. அணங்கும் பேயும் தலைமை பெறுதல் தமிழுக்குப் புதிதன்று. கண்ணகி, காரைக்கால் அம்மையார், நீலகேசி ஆகியோர் அதன் சான்றுகள்.

2. எதிர்வினை இலக்கியத்தின் புறத்தே நிற்பதன்று. முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்கள் வெளியிட்ட வாசகர் கடிதங்கள் முதன்மைச் சான்றுகளாகத் திரட்டப்படவேண்டும். பழைய அச்சுப் பொருள்களைக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றோடு தமிழ்த்துறைகள் இணைந்து இப்பணியை மேற்கொள்ளலாம். 2005இல் நின்றுபோன ராணி காமிக்ஸின் இதழ்களைத் திரட்டுதல் காலந்தாழ்த்தற்குரியதன்று.

3. நீலி இருமொழிக்கும் பொது. உரிமைப் பூசலை விடுத்து அவளைத் தமிழில் படைத்தலே தக்கது.

4. மீவியற்கை நாயகியை மதிப்பிடும் அளவுகோல் அவளது ஆடையோ ஆற்றலோ மொழியோ அன்று. எவ்வநீதிக்கு அவள் விடையாகிறாள் என்பதே அளவுகோல்.

குன்றக்குறவர் கண்ணகியைக் கண்டபோது முதலில் அவள் யாரெனக் கேட்டனர். அவள் துயரைக் கேட்டபின் போற்றினர். அவ்வரிசையைத் தலைகீழாக்கி, கேளாமலே தீர்ப்புரைப்பவர் மரபின் காவலர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளல் பொருந்தாது.