வெறும் கற்குவியலா, காக்க வேண்டிய கல்லறையா? சட்டம் என்ன சொல்கிறது?

பாறைகள் வட்டமாகக் கிடக்கின்றன; நடுவில் ஒரு கற்குவியல். பார்த்தால், ‘அட, வெறும் கல்தானே!’ என்றுதான் தோன்றும். ஆனால், தமிழ்நாட்டின் சானூரில் அப்படிப்பட்ட கற்களுக்குக் கீழே இருந்தவை இரும்புக்கால மக்களின் கல்லறைகள்.

அங்கே என்ன கிடைத்தது?

செங்கல்பட்டு வட்டாரத்தில் உள்ள சானூரில், 1950, 1952-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புப் பொருள்கள் வெளிவந்தன. இறந்தவர் யார் என்று சொல்லக் கல்வெட்டு எதுவும் இல்லை. எது எதன் மேல், எந்த ஆழத்தில் இருந்தது என்பதுதான் சான்று. கல்லைப் புரட்டிவிட்டால் அந்தச் சான்றும் போச்சு.

சட்டம் எப்படிக் காக்கிறது?

இந்தியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் திருத்தப்பட்டது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி வாங்க வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால், இதெல்லாம் பட்டியலில் ஏறிய இடங்களுக்குத்தான்.

மலேசியாவில்?

இங்கே 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. பேராக் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்த லெங்கோங் பள்ளத்தாக்கு, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால், கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் இருந்த 11-ஆம் எண் சண்டியின் கதையே வேறு. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானதாகக் கருதப்பட்ட அந்தக் கட்டுமானத்தை ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால், நிலம் தனியாருடையது. அந்த இடம் அரசிதழில் ஏறவில்லை. மேம்பாட்டுப் பணியில் அது இடிக்கப்பட்ட செய்தி, 2013 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது.

ஆக, ஓர் இடம் பழமையானது என்று தெரிந்தால் மட்டும் போதாது. இயந்திரம் வருவதற்கு முன்பே அது பதிவாகியிருக்க வேண்டும்.

ஜோகூர்வாசிகள் ஏன் கவனிக்க வேண்டும்?

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. அதனால், மாநிலத்தில் உள்ள ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநில ஒப்புதலும் தேவை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் ஜோகூரில், இந்த முடிவு எவ்வளவு சீக்கிரம் எடுக்கப்படுகிறது என்பதே முக்கியம்.

பாரம்பரிய மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருள் ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டாதீங்க, வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க. பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். அது வெறும் ஆலோசனை இல்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.