திரை நினைவகத்தில் ஒரு 'கொ'

பாடத்திட்டங்கள் கைவிட்டுவரும் ஒரு பயிற்சிக்காகச் சற்று வாதாட விரும்புகிறேன். சி மொழியில் ஒரு சுட்டியை நேரே திரை நினைவகத்தை நோக்கித் திருப்பி, எழுத்தை அங்கேயே இடும் பயிற்சி அது. பெங்களூருவில் இதைப் பேசினால், 'வேலைக்கு உதவுமா?' என்பதே மாணவர்களின் முதல் கேள்வி. வேலைக்கு உதவாது, தமிழுக்கு உதவும்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வண்ணத்திரை அட்டைக்குரிய முகவரி, பதினாறடிமான எண்ணில் பி8000, பதின்மத்தில் 7,53,664. அங்கிருந்து வரிக்கு 80 கட்டம், 25 வரி, கட்டத்துக்கு 2 பைட். முதல் பைட் எழுத்தின் குறியெண், இரண்டாவது அதன் நிறம். 4000 பைட்டில் முழுத்திரையும் அடங்கிவிடும். முதல் பைட்டில் 65 என இட்டால், அச்சிடும் சார்பு எதையும் அழைக்காமலே ஆங்கில 'ஏ' தோன்றும்.

இந்த எளிமைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒரு பைட், ஓர் எழுத்து, ஒரே அகலமுள்ள ஒரு கட்டம். 256 குறியெண்களில் நம் 247 எழுத்துகளும் அடங்கும்போலத் தோன்றும். ஆனால் முதல் 128 இடங்களை ஆஸ்கி எடுத்துக்கொள்கிறது. இடம் கிடைத்தாலும் 8 புள்ளி அகலத்தில் 'ணௌ'வை எப்படி வரைவது? கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் புணேயின் சிடாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை, ஆங்கிலத்துக்கென எழுதிய டாஸ் செயலிகளிலும் இந்திய எழுத்துகளைக் காட்டியது. அது எத்துணைப் பெரிய பொறியியல் என்பது, இக்கட்டங்களோடு ஒருமுறை மல்லுக்கட்டியவர்க்கே விளங்கும்.

யூனிகோடு வந்தபின் எல்லாம் தீர்ந்தது என்பார்கள். யுடிஎஃப்-8-இல் 'கொ' என்பது 2 குறியெண், 6 பைட்; சி மொழியின் சர நீளச் சார்பு 6 என்றே விடை தரும். முனையச் சாளரங்கள் இன்றும் கட்டக் கணக்கிலேயே இயங்குவதால், பலவற்றில் கொம்பும் காலும் இடம்பெயர்ந்து நிற்கின்றன.

டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி-யை ஓடவிட்டு இதைக் கற்பிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அது தொல்பொருட் காட்சி. கியூஎம்யூவில் ஒரு சிறு கருவகம் எழுதச் சொல்லலாம். 'வோலடைல்' என அறிவிக்காத சுட்டிவழி எழுதியதைத் தொகுப்பி தேவையற்றதெனக் கருதி நீக்கக்கூடும், அதுவும் பாடமே. அதே முகவரியில் லினக்ஸின் சாதாரணச் செயலி எழுத முயன்றால் இயங்குதளம் அதை நிறுத்திவிடும்; மெய்நிகர் நினைவகத்தை விளக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்த எழுத்துமுறையே பெரும்பாலும் இல்லை என்பது நியாயமான மறுப்புத்தான். பயிற்சிக்கோ கியூஎம்யூவே போதும்.

'ஏ' தெரிந்தவுடன் பயிற்சியை முடித்துவிடாமல், அடுத்த வாரம் 'கொ'வைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.